பதிவேடும் பரம்பரையும்: கொங்கு நாட்டுக் குடும்ப வரலாற்றாராய்ச்சியில் சபைகளின் பங்கு

வேதாகமத்தைத் தொடர்ச்சியாக வாசிப்பவர்கள் வம்ச அட்டவணைகள் வரும் அதிகாரங்களை விரைந்து கடந்துவிடுவது வழக்கம். பிரசங்கத்திற்கு அவை உதவமாட்டா என்னும் எண்ணம் நம்மிடையே நிலவுகிறது. ஆயினும், பாபிலோனிலிருந்து திரும்பியோரின் அட்டவணையைத் தரும் எஸ்றா இரண்டாம் அதிகாரத்தைச் சற்று நின்று வாசிப்போமாயின், அங்கே ஒரு பெருந்துயரம் அடங்கியிருப்பதைக் காணலாம். 652 பேர் தாங்கள் இஸ்ரவேலைச் சேர்ந்தவர்கள் என்பதை மெய்ப்பிக்க இயலாமல் நின்றனர். ஆசாரியர் வழியினர் எனத் தம்மைக் கூறிக்கொண்ட மூன்று குடும்பத்தார் தங்கள் பெயர்களை வம்ச ஏட்டில் தேடினர், அவை கிடைக்கவில்லை, ஆகவே அவர்கள் ஆசாரிய ஊழியத்தினின்று விலக்கப்பட்டனர். இதே அட்டவணை நெகேமியா ஏழாம் அதிகாரத்தில் மீண்டும் வருகிறது. அங்கே 652 என்பது 642 ஆகிவிடுகிறது. மொத்தத் தொகை 42,360 என்று இரு ஏடுகளும் ஒருமிக்கக் கூறினாலும், தனித்தனி எண்களைக் கூட்டினால் எஸ்றாவில் 29,818 என்றும் நெகேமியாவில் 31,089 என்றும் வருகின்றன. பெயர் ஏட்டில் இல்லாமற்போனால் ஒரு குடும்பத்திற்கு என்ன நேரிடும் என்பதும், படியெடுப்போர் கையில் எண்கள் எவ்வாறு மாறும் என்பதும் இவ்விரு அதிகாரங்களிலும் ஒருங்கே விளங்குகின்றன.

திருப்பூர் வட்டாரத்தில் ஊழியஞ்செய்யும் ஆயர்களுக்கு இச்செய்தி தொலைவிலுள்ள ஒன்றன்று. பனியன் கம்பெனிகளிலும், விசைத்தறிக் கூடங்களிலும், சாயப்பட்டறைகளிலும் உழைக்கும் குடும்பங்களிற் பல இரண்டொரு தலைமுறைக்குள் வேறிடங்களிலிருந்து வந்து குடியேறியவை. அவர்களுடைய பிள்ளைகள் சாதிச் சான்றிதழுக்காகவும், பூர்வீக நிலத்தில் பங்குக்காகவும், கடல்கடந்து சென்ற உறவினரைக் கண்டறியவும், தங்கள் முன்னோர் யார் என்னும் இயல்பான ஆவலினாலும் ஆயரை நாடி வருகின்றனர். "எங்கள் தாத்தாவின் பெயர் உங்கள் புத்தகத்தில் இருக்கிறதா?" என்னும் வினாவுக்கு விடை கூற, அந்தப் புத்தகத்தைப் பற்றி மட்டுமன்றி, அதனோடு சேர்த்துப் படிக்கவேண்டிய அரசுப் பதிவேடுகளைப் பற்றியும் நாம் அறிந்திருத்தல் வேண்டும். அவற்றின் தன்மையையும், அவை சபையின் மீது சுமத்தும் பொறுப்பையும் இங்கே ஆராய்வோம்.

1. எல்லைகளும் காலக்கணக்கும்

குடும்ப வரலாற்றைத் தேடுவோர் முதலில் தடுமாறுவது ஆட்சி எல்லைகளினால்தான். திருப்பூர் மாவட்டம் என்னும் பெயர் 2009 ஆம் ஆண்டுக்குரியது. அதற்கு முந்திய பதிவேடுகளில் இப்பெயரைத் தேடினால் ஒன்றும் கிடைக்காது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் திருப்பூர், கோயம்புத்தூர் மாவட்டத்துப் பல்லடம் வட்டத்தில் அடங்கிய ஓர் ஊராக இருந்தது. தாராபுரம், காங்கேயம் பகுதிகள் 1979 வரை கோயம்புத்தூர் மாவட்டத்திலும், அதன்பின் பெரியார் மாவட்டத்திலும் இருந்தன. அம்மாவட்டம் 1996 இல் ஈரோடு எனப் பெயர் மாறியது. 2009 இல்தான் இப்பகுதிகள் திருப்பூரோடு இணைந்தன. கரூர் 1910 வரை கோயம்புத்தூரைச் சேர்ந்திருந்து, பின்னர்த் திருச்சிராப்பள்ளியோடு சேர்க்கப்பட்டது. ஆகவே ஒரே ஊரில் அசையாதிருந்த ஒரு குடும்பத்தின் ஆவணங்கள் மூன்று மாவட்டத் தலைநகரங்களில் சிதறிக் கிடத்தல் கூடும்.

சபை எல்லைகளும் இவ்வாறே. கோயம்புத்தூரில் 1830 இல் அடிஸ் ஐயர் தொடங்கிய இலண்டன் மிஷன் ஊழியம் கோயம்புத்தூர், ஈரோடு பகுதிகளில் பரவியது. கரூர், தாராபுரம் பகுதிகளில் வெசுலியன் மெதடிஸ்ட் மிஷன் பணியாற்றியது. இலண்டன் மிஷன் சபைகள் 1908 இல் தென்னிந்திய ஐக்கிய சபையில் சேர்ந்தன. இரு மரபினரும் 1947 செப்டம்பர் 27 அன்று தென்னிந்தியத் திருச்சபையில் ஒன்றாயினர். கத்தோலிக்கத் திருச்சபையின் பதிவேடுகள் இவற்றினும் பழைமையான மரபைச் சேர்ந்தவை. கோயம்புத்தூர் 1850 இல் தனி அப்போஸ்தலிக்க விக்காரியத்தாகவும், 1886 இல் மறைமாவட்டமாகவும் ஆயிற்று. முன்னோர் எந்த மிஷனைச் சேர்ந்தவர் என்பதை முதலில் நிச்சயித்துக்கொள்ளாமல் தேடுவோர் வீணே அலைவர்.

காலக்கணக்கு இரண்டாவது இடையூறு. வருவாய்த்துறை ஏடுகள் பசலி ஆண்டினால் எழுதப்பட்டவை. பசலி எண்ணுடன் 590 ஐக் கூட்டினால், அப்பசலி தொடங்கும் ஆங்கில ஆண்டு கிடைக்கும். பசலி ஜூலை முதல் ஜூன் வரை நடப்பது. பசலி 1287 என்றால் 1877 ஜூலை முதல் 1878 ஜூன் வரை என அறிக. குடும்பத்தார் வாய்மொழியோ அறுபதாண்டுச் சுழற்சியைப் பின்பற்றுகிறது. "தாது வருஷத்தில் எங்கள் பாட்டனார் வேதத்திற்கு வந்தார்" என்று ஒரு மூதாட்டி கூறினால், அது 1876-77 ஆகவும் இருக்கலாம், 1936-37 ஆகவும் இருக்கலாம். அவருடைய மகனின் விவாகம் 1905 இல் நிகழ்ந்ததென்றும், அப்போது மணமகன் வயது 24 என்றும் விவாகப் பதிவேடு கூறுமாயின், அம்மகன் 1881 ஐ ஒட்டிப் பிறந்திருத்தல் வேண்டும்; ஆகவே தந்தை வேதத்திற்கு வந்தது முதலாவது தாது வருஷத்தில் என்று கொள்வதே பொருத்தமாகும். வாய்மொழியும் ஏடும் இவ்வாறு ஒன்றையொன்று திருத்துகின்றன. பழைய பதிவேடுகளில் வயது பெரும்பாலும் 20, 25, 30 என முழு எண்ணாகவே எழுதப்பட்டிருத்தலால், ஐந்தாண்டு முன்பின்னாக இருக்கலாம் என்பதையும் மறத்தலாகாது.

2. நிலத்தை எழுதிய ஏடுகள்

ஆங்கிலேய ஆட்சியின் முதன்மையான அக்கறை நிலவரி. ஆதலால் அதன் மிகப் பழைய ஏடுகளும் நிலத்தைப் பற்றியனவே. ரயத்துவாரி முறையில் ஒவ்வொரு நிலத்துக்கும் பட்டாதார் பெயர் எழுதப்பட்டது. நில அளவைக்குப் பின் தயாரான செட்டில்மெண்ட் பதிவேடு, கிராமத்தின் 'அ' பதிவேடு, சிட்டா, அடங்கல் ஆகியவற்றை வரிசையாக ஒப்பிட்டால், ஒரு சர்வே எண் தந்தையிடமிருந்து மகனுக்கும், மகனிடமிருந்து கடன் கொடுத்தவனுக்கும் கைமாறியதைத் தொடர்ந்து காணலாம். 1858 இல் அமைந்த இனாம் கமிஷனின் பதிவேடுகள் இவற்றினும் விரிவானவை. இனாம் முதலிற் பெற்றவர் யார், இப்போது அனுபவிப்பவர் யார், அவர் வயது என்ன, முதலிற் பெற்றவருக்கு அவர் என்ன உறவு என்பன அவற்றில் எழுதப்பட்டுள்ளன. வெட்டியான், தோட்டி முதலிய கிராம ஊழியர்களுக்கு விடப்பட்ட ஊழிய இனாம்களும் இதில் அடங்குதலால், நிலமற்றோர் எனக் கருதப்பட்ட குடும்பங்களின் முன்னோர் பெயரும் சிலவிடங்களில் இங்கே கிடைக்கும்.

பத்திரப் பதிவுச் சட்டம் 1865 முதல் நடைமுறைக்கு வந்தது. இன்றுள்ள சட்டம் 1908 ஆம் ஆண்டினது. பழைய கிரயப் பத்திரமொன்றைப் படித்தால், விற்றவர் வாங்கியவர் ஆகியோரின் ஊர், சாதி, தொழில், தகப்பன் பெயர், சில வேளைகளிற் பாட்டன் பெயர் ஆகிய அனைத்தும் முதற்பத்தியிலேயே வந்துவிடும். சார்பதிவாளர் அலுவலகத்திற் பெயர் அட்டவணை, சொத்து அட்டவணை என இருவகை அட்டவணைகள் உண்டு. வில்லங்கச் சான்று கேட்போர் சொத்தைக் கொண்டு தேடுகின்றனர். குடும்ப வரலாறு தேடுவோரோ பெயர் அட்டவணையையே நாடவேண்டும்.

ஒடுக்கப்பட்ட மக்களின் குடும்ப வரலாற்றுக்கு 1892 ஆம் ஆண்டு ஒரு முக்கியமான எல்லைக்கல். செங்கற்பட்டுக் கலெக்டராயிருந்த திரெமென்ஹீர் 1891 இல் அளித்த அறிக்கையைத் தொடர்ந்து, அவர்களுக்கு நிலம் ஒதுக்கும் ஆணையைச் சென்னை அரசு 1892 இல் பிறப்பித்தது. ஆடம் ஆண்ட்ரூ, வில்லியம் கௌடி ஆகிய மிஷனெரிமார் அக்காலத்தில் இம்மக்களின் நிலவுரிமைக்காக அரசிடம் வாதாடியவர்கள். பஞ்சமி நிலம் என இன்று நாம் வழங்கும் அந்நிலங்களின் ஒப்படைப் பதிவுகளில் வரும் பெயர்கள், பல குடும்பங்களுக்குத் தங்கள் முன்னோர் பெற்று இழந்த உரிமையின் சான்றாகும். இங்கே குடும்ப வரலாறு பழம்பெருமை பேசும் பொழுதுபோக்கினின்று விலகி, நீதியைத் தேடும் முயற்சியாகிவிடுகிறது.

ஆயினும் நில ஏடுகளுக்கு ஓர் அடிப்படைக் குறை உண்டு. நிலமுடையோரையே அவை அறியும். காணியும் கூட்டமும் உடையோர் தங்கள் மரபைப் பட்டயங்களிலும் வாய்மொழியிலும் போற்றி வந்தனர். காலின் மெக்கன்சி திரட்டிய சுவடிகளிற் கொங்கு நாட்டுக் கதைகளும் உள்ளன. பண்ணையாளின் பெயரையோ, கைக்குத்தகையில் உழைத்தவன் பெயரையோ, எந்தச் சாதிப் பெண்ணின் பெயரையோ அங்கே காண்பது அரிது.

3. மக்களை எண்ணிய ஏடுகள்

சென்னை மாகாணத்தில் முறையான மக்கள்தொகைக் கணக்கெடுப்பு 1871 இல் நடைபெற்றது. பத்தாண்டுக்கொருமுறை இவ்வளவு பெரிய கணக்கு எடுக்கப்பட்டிருக்க, நம் முன்னோர் பெயர்களை ஏன் அதிலே காணமுடியாது என்று பலர் வினவுகின்றனர். இங்கிலாந்தில் நூறாண்டு கழிந்ததும், அமெரிக்காவில் 72 ஆண்டு கழிந்ததும் தனித்தனிக் குடும்பப் படிவங்கள் மக்கள் பார்வைக்குத் திறந்துவிடப்படுகின்றன. நம் நாட்டில் தொகுத்த எண்களே நிலைத்தன. பெயர் எழுதிய படிவங்கள் அவ்வாறு பேணப்படவில்லை. 1948 ஆம் ஆண்டுக் கணக்கெடுப்புச் சட்டமும் அப்படிவங்களைப் பிறர் பார்வையிட இடந்தருவதில்லை. எனவே நம்முடைய கணக்கெடுப்பு ஒரு மக்கள் கூட்டத்தின் நிலையைக் காட்டுமேயன்றி, ஒரு மனிதரைக் காட்டாது.

அந்த எண்களும் பேசாமலில்லை. கோயம்புத்தூர் மாவட்டத்தின் மக்கள்தொகை 1871 இல் 17 லட்சத்து 60 ஆயிரத்துக்கு மேலிருந்தது. 1881 இல் ஏறத்தாழ 16 லட்சத்து 58 ஆயிரமாகக் குறைந்தது. இடையில் நிகழ்ந்ததுதான் 1876 முதல் 1878 வரை நீடித்த தாது வருஷப் பஞ்சம். பத்தாண்டில் இயல்பாகப் பெருகியிருக்கவேண்டிய தொகை ஒரு லட்சம் குறைந்ததென்றால், எத்தனை குடும்பங்களின் கிளைகள் அங்கே முறிந்தன என்பதை எண்ணிப்பார்க்கலாம். கொங்கு நாட்டுக் குடும்ப மரங்களை வரைவோர் பலர் அப்பஞ்சத்திற்கு அப்பால் செல்லமுடியாமல் நின்றுவிடுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

பிறப்பு இறப்புப் பதிவுக்கென 1899 இல் சென்னை மாகாணச் சட்டம் ஒன்று வந்தது. இன்று நாடெங்கும் நடைமுறையிலுள்ளது 1969 ஆம் ஆண்டுச் சட்டம். கிராமங்களில் இப்பதிவு மணியகாரர், கணக்குப்பிள்ளை ஆகியோர் பொறுப்பில் இருந்தது. பரம்பரையாக வந்த அப்பதவிகளை 1980 இல் அரசு நீக்கிக் கிராம நிர்வாக அலுவலர்களை நியமித்தது. பழைய கிராமப் பதிவுகளில், 'ஆண் குழந்தை, இன்னார் மகன்' என்றே பிறப்பு எழுதப்பட்டிருப்பதைக் காணலாம். குழந்தைக்கு அப்போது பெயரிட்டிருக்கமாட்டார்கள். பின்னர்ப் பெயரைச் சேர்ப்பாரும் இலர். சேரியில் நிகழ்ந்த பிறப்புகள் எழுதப்படாமற்போனதும் உண்டு.

கடல்கடந்து சென்றோரின் பெயர்கள் உள்ளூரிலேயே தங்கியிருந்தோரின் பெயர்களைவிடத் தெளிவாகக் கிடைப்பது வரலாற்றின் விந்தைகளுள் ஒன்று. 1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து நேட்டாலை அடைந்த 'துரூரோ' கப்பல் முதலாக, ஒப்பந்தக் கூலிகளாகச் சென்ற ஒவ்வொருவருக்கும் எண், பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, மாவட்டம், வட்டம், ஊர், உடலிலுள்ள அடையாளம் ஆகியவை எழுதப்பட்டன. மொரீசியசிலும் இத்தகைய ஏடுகள் பேணப்பட்டுள்ளன. தோட்ட முதலாளிக்கு ஆளை அடையாளங்காண வேண்டியிருந்தது, ஆதலால் எழுதினார்கள். அன்பினால் எழுதப்படாத அந்த ஏடுகளைக் கொண்டே இன்று தென்னாப்பிரிக்கத் தமிழர் தங்கள் ஊரைத் தேடி வருகின்றனர்.

4. சபைப் பதிவேட்டின் தனித்தன்மை

ஊர்ச் சபைகள் ஞானஸ்நானம், விவாகம், அடக்கம் ஆகியவற்றைப் பதிவுசெய்யவேண்டும் என்னும் ஆணை இங்கிலாந்தில் 1538 இல் பிறந்தது. கத்தோலிக்கத் திருச்சபையில் திரெந்து சங்கம் 1563 இல் இதனை ஒழுங்குபடுத்தியது. தமிழகத்துப் புரொட்டஸ்டண்டு சபையில், 1707 மே 12 அன்று தரங்கம்பாடியில் ஐவர் பெற்ற ஞானஸ்நானத்தோடு இம்மரபு தொடங்குகிறது. அவர்கள் ஐரோப்பியரிடம் அடிமைகளாக இருந்தவர்கள் என்பதைச் சபை வரலாறு கற்போர் அறிவர். அக்காலத்து நில ஏடு எதிலும் அவர்கள் பெயர் இடம்பெற்றிருக்க வழியில்லை. திருநெல்வேலிச் சபையின் 1780 ஆம் ஆண்டுப் பதிவேட்டில் குளோரிந்தா அம்மையார் உட்பட 40 பேர் இடம்பெற்றுள்ளனர். பல சாதியினர் ஒரே பட்டியலில் அடுத்தடுத்து நிற்பது அதன் சிறப்பு. ஒவ்வொருவருக்கும் எதிரே சாதி குறிக்கப்பட்டிருப்பது நாம் மறைக்கலாகாத இன்னொரு செய்தி.

குடும்ப வரலாற்றாராய்ச்சிக்குச் சபைப் பதிவேடு மூன்று வகையில் ஒப்பற்றது. முதலாவது, அது நிலமற்றோரை எழுதுகிறது. இரண்டாவது, அது பெண்களை எழுதுகிறது. குழந்தையின் தாய் பெயருக்கு அங்கே ஓர் இடம் உண்டு. மூன்றாவது, அதுவே பழைய பெயரையும் புதிய பெயரையும் இணைக்கும் கண்ணி. நம்மவருக்குக் குடும்பப் பெயர் கிடையாது. தகப்பன் பெயரின் முதலெழுத்தே தலைமுறைதோறும் மாறி வருகிறது. மாரன் மகன் சின்னான் என்பவர் ஞானஸ்நானம் பெற்று யாக்கோபு ஆகிவிட்டாரென்று வைத்துக்கொள்வோம். அவர் மகன் யா. தாவீது ஆவார், பேரன் தா. சாமுவேல் ஆவார். பேரனின் பள்ளிச் சான்றிதழிலிருந்து பின்னோக்கிச் செல்வோர் யாக்கோபோடு நின்றுவிடுவர். வருவாய்த்துறை ஏட்டிலோ சின்னான் என்னும் பெயரே இருக்கும். அச்சின்னானே இந்த யாக்கோபு என்பதைக் கூறவல்லது, முதிர்ந்தோர் ஞானஸ்நானப் பதிவின் ஒரே ஒரு வரி. அந்த வரியைக் கரையான் தின்றுவிட்டால், அக்குடும்பத்தின் வரலாறு அங்கேயே முடிந்துவிடும்.

1872 ஆம் ஆண்டு இந்தியக் கிறிஸ்தவ விவாகச் சட்டத்தின்படி நாம் வைத்திருக்கும் விவாகப் பதிவேடு சபைக்கு மட்டும் உரியதன்று. அதன் படி அரசுப் பதிவுத்துறைக்கும் அனுப்பப்படுகிறது. மணமக்களின் வயது, தொழில், இருப்பிடம், தகப்பன் பெயர், சாட்சிகளின் கையொப்பம் ஆகியவை அதில் உள்ளன. சபையின் பிரதி அழிந்திருந்தாலும் அரசுப் பிரதி கிடைத்தல் கூடும் என்பதை ஆயர்கள் நினைவிற் கொள்வது நல்லது. இவற்றோடு மிஷன் அறிக்கைகளும் கடிதங்களும் உள்ளன. இலண்டன் மிஷனின் ஆவணங்கள் இலண்டன் பல்கலைக்கழகத்துக் கீழை ஆப்பிரிக்க ஆய்வுக் கல்லூரியிலும், தென்னிந்திய மிஷன்களைப் பற்றிய பல ஏடுகள் பெங்களூர் ஐக்கிய இறையியல் கல்லூரிக் காப்பகத்திலும் பேணப்படுகின்றன. சென்னை எழும்பூரிலுள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகம் அரசு ஏடுகளுக்குரிய இடம். உபதேசியார், வேதாகம ஸ்திரீ, பள்ளியாசிரியர் ஆகியோரின் பெயர்கள் மிஷன் அறிக்கைகளில் கிடைக்கலாம்.

ஞானஸ்நானங்கள் பஞ்ச காலத்தில் நெருங்கி நிகழ்ந்திருப்பதைப் பதிவேட்டிற் கண்டு சிலர் வெட்கமடைகின்றனர். கஞ்சிக்காகச் சேர்ந்தவர்களின் வழியினர் என்னும் பழிச்சொல்லுக்கு அஞ்சி அந்தத் தேதியைக் கூறாமல் விடுகின்றனர். பசித்தவன் தன்னை மனிதனாக ஏற்றுக்கொண்ட வாசலில் நுழைந்தான் என்பதில் வெட்கப்படத்தக்கது யாது? பதிவேடு கூறுவதை அவ்வாறே ஏற்பதுதான் முன்னோருக்கு நாம் செய்யும் மரியாதை. அரச வழியினர், உயர்குலத்தினர் என்று இல்லாத மரபைப் புனைவோர் தம் உண்மையான பாட்டனையும் பாட்டியையும் இரண்டாம் முறை புதைக்கின்றனர்.

5. பதிவேடு சாட்சிக் கூண்டில் நிற்கும்போது

இங்கே நாம் மிகக் கடினமான ஒரு பிரச்சினைக்கு வருகிறோம். 1950 ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவரின் ஆணை, அட்டவணைச் சாதியினர் என்னும் தகுதியை இந்துக்களுக்கு மட்டும் உரியதாக்கியது. 1956 இல் சீக்கியருக்கும், 1990 இல் பௌத்தருக்கும் அது விரிவாக்கப்பட்டது. கிறிஸ்தவர்களுக்கு விரிவாக்கப்படவில்லை. தமிழ்நாட்டில் அட்டவணைச் சாதிகளிலிருந்து கிறிஸ்தவராயினோர் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வைக்கப்பட்டுள்ளனர். இதன் விளைவாக, ஒருவருடைய பாட்டனார் எப்போது ஞானஸ்நானம் பெற்றார் என்னும் குடும்ப வரலாற்று வினா, பேரனின் கல்வியையும் வேலையையும் தீர்மானிக்கும் சட்ட வினாவாகிவிட்டது. 2015 இல் கேரளத்திலிருந்து வந்த ஒரு வழக்கில் உச்சநீதிமன்றம், முன்னோர் மதம் மாறியிருந்தாலும், தாய்மதத்திற்குத் திரும்பியதும் அச்சாதியார் ஏற்றுக்கொண்டதும் மெய்ப்பிக்கப்பட்டால் பழைய தகுதி கிடைக்கும் என்று கூறியது. 2024 நவம்பரில் புதுச்சேரியிலிருந்து வந்த மற்றொரு வழக்கில், மனுதாரர் குழந்தைப் பருவத்தில் ஞானஸ்நானம் பெற்றதையும், பெற்றோர் கிறிஸ்தவ விவாகச் சட்டப்படி பதிவு செய்திருந்ததையும் சுட்டி, அவர் கோரிய அட்டவணைச் சாதிச் சான்றை மறுத்தது.

பரலோகக் குடியுரிமையின் அடையாளமாக நம் முன்னோர் எழுதிவைத்த ஏடு, இவ்வுலகில் ஓர் ஏழையின் உரிமையைப் பறிக்கும் சான்றாக வாசிக்கப்படுகிறது. இந்நிலையில் ஆயர் என்செய்வார்? "ஐயா, இந்தப் பெயரை மட்டும் எழுதாமல் விட்டுவிடுங்கள்" என்று கண்ணீரோடு கேட்கும் தாயிடம் சட்டம் பேசுவது எளிதன்று. அவளுடைய வேண்டுதலிற் பொய்மையைவிட வறுமையே மிகுந்திருக்கிறது.

ஆயினும் பதிவேட்டை மாற்றுவதோ, ஏட்டைக் கிழிப்பதோ, இருப்பதை இல்லையெனக் கூறுவதோ சபைக்குத் தகாது. இதற்கு நாம் இரண்டு காரணங்களைக் கூறுவோம். ஒன்று, ஒருவருக்காகத் திருத்தப்பட்ட ஏடு எவருக்கும் சாட்சியாக நிற்கும் தகுதியை இழந்துவிடும். நாளை ஒரு விதவை தன் கணவனின் பெயரை மெய்ப்பிக்க அதே ஏட்டை நாடும்போது அது நம்பப்படமாட்டாது. மற்றொன்று, அநீதி இருப்பது ஏட்டில் அன்று, ஆணையில். தீண்டாமை ஞானஸ்நானத்தோடு ஒழிந்துவிடுவதில்லை என்பதை நம் கல்லறைத் தோட்டங்களே காட்டுகின்றன. அந்த ஆணையை எதிர்த்து 2004 இல் உச்சநீதிமன்றத்தில் வழக்குத் தொடுக்கப்பட்டது. 2022 அக்டோபரில் நீதியரசர் கே. ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் ஓர் ஆணையமும் அமைக்கப்பட்டது. பதிவேட்டை மறைப்பதற்குச் செலவிடும் முயற்சியை, அநீதியை வெளிப்படையாக எதிர்ப்பதிற் செலவிடுதல் சபைக்கு அழகாகும். தலைமுறைகள் பல கடந்தும் அதே சேரி, அதே தொழில், அதே இழிவு என்பதை ஏடுகளைக் கொண்டே நாம் மெய்ப்பிக்கலாம். குடும்ப வரலாறு அவ்வழக்கில் வலிய சாட்சியாகும்.

6. நாம் செய்யத்தக்கவை

முதலாவது, ஏடுகளைக் காத்தல். ஈரமற்ற இடத்தில் இரும்புப் பெட்டியில் அவை இருக்கட்டும். கிழிந்த தாள்களில் ஒட்டுநாடாவை ஒட்டுதலும், பிளாஸ்டிக் உறையிட்டு உருக்கி ஒட்டுதலும் நாளடைவில் எழுத்தையே அழித்துவிடும். ஒவ்வொரு பக்கத்தையும் படமெடுத்து ஒரு பிரதியைப் பேராயத்திலோ இறையியற் கல்லூரியிலோ வைப்பது இன்று பெருஞ்செலவு பிடிக்கும் காரியமன்று.

இரண்டாவது, ஏட்டைத் திருத்தாதிருத்தல். பிழையெனத் தெரிந்தாலும் பழைய எழுத்தின்மேல் எழுதாமல், ஓரத்தில் குறிப்பெழுதிக் கையொப்பமும் தேதியும் இடவேண்டும். சான்று கேட்போருக்கு, ஏட்டிலுள்ளதை உள்ளவாறே படியெடுத்துத் தருதல் வேண்டும்.

மூன்றாவது, இரகசியம் காத்தல். பழைய ஏடுகளிற் சாதி எழுதப்பட்டிருக்கும். தகப்பன் பெயருக்குரிய இடம் வெறுமையாகவும் இருக்கலாம். தன் முன்னோரைத் தேடுபவருக்கு அவருடைய குடும்பத்தின் வரியைக் காட்டுவது கடமை. பெண் பார்க்க வந்தவர் மற்றொரு குடும்பத்தின் சாதியை அறிய ஏட்டைப் புரட்ட இடங்கொடுப்பதோ துரோகம்.

நான்காவது, இன்றைய ஏட்டை நன்றாக எழுதுதல். திருப்பூருக்கு இன்று தென்மாவட்டங்களிலிருந்து மட்டுமன்றி, ஒடிசா, பீகார், ஜார்க்கண்டு முதலிய மாநிலங்களிலிருந்தும் தொழிலாளர் வருகின்றனர். அவர்களிற் பலர் பீஸ் ரேட்டுக்கு உழைப்பவர்கள். கம்பெனி மாறுந்தோறும் அவர்கள் பெயர் ஏடுகளிலிருந்து மறைகிறது. அவர்களின் குழந்தை நம் ஆலயத்தில் ஞானஸ்நானம் பெற்றால், தகப்பன் தாய் இருவர் பெயரையும், சொந்த ஊர், வட்டம், மாவட்டம், மாநிலம் ஆகியவற்றையும் முழுமையாக எழுதுவோமாக. "வடநாட்டுக்காரர்" என்று மட்டும் எழுதிவைப்பது, பண்ணையாளை எழுதாமல் விட்ட பழைய கணக்குப்பிள்ளையின் வழியையே நாமும் பின்பற்றுவதாகும்.

முடிவுரை

எஸ்றாவின் காலத்தில் பெயர் கிடைக்காமல் நின்ற குடும்பங்களைப் பற்றி ஒரு செய்தி கவனிக்கத்தக்கது. இஸ்ரவேலர் என்று மெய்ப்பிக்க இயலாத 652 பேரும் அட்டவணையினின்று நீக்கப்படவில்லை. 'மெய்ப்பிக்க இயலவில்லை' என்னும் குறிப்போடு அவர்களும் எழுதப்பட்டனர். ஆசாரியக் குடும்பங்களுக்கும் கதவு நிரந்தரமாக அடைக்கப்படவில்லை. ஊரீம் தும்மீம் உடைய ஆசாரியன் எழும்பும்வரை தீர்ப்பு நிறுத்திவைக்கப்பட்டது. பல நூற்றாண்டுகளுக்குப் பின் மத்தேயு எழுதிய வம்ச அட்டவணையில், வேறு எந்தக் கணக்கரும் விட்டிருக்கக்கூடிய தாமார், ராகாப், ரூத், உரியாவின் மனைவி ஆகிய நால்வரும் இடம்பெற்றனர். அவர்களை மறைத்திருந்தால் அட்டவணை மேன்மையுடையதாகத் தோன்றியிருக்கும், உண்மையுடையதாக இருந்திராது.

நம் ஆலயங்களின் அலமாரிகளிற் கிடக்கும் பழுப்பேறிய ஏடுகளில், வேறெங்கும் எழுதப்படாத ஆயிரக்கணக்கான மனிதர் பெயருடன் நிற்கின்றனர். ஆயராக ஒரு சபையின் பொறுப்பை ஏற்கும் இளைஞர்கள், ஆலயத்தின் திறவுகோலைப் பெற்றுக்கொள்ளும் அன்றைக்கே அப்பதிவேடுகளையும் எண்ணிப் பார்த்துப் பெற்றுக்கொள்வார்களாக. எந்த ஆண்டு முதல் எந்த ஆண்டு வரை உள்ளன, எவை காணப்படவில்லை என்று ஒரு தாளில் எழுதிக் கையொப்பமிட்டு வைப்பார்களாக. குடும்ப வரலாற்றைத் தேடி நாளை வருவோருக்கு அந்தத் தாளே முதல் உதவியாக இருக்கும்.